சிவப்புக் கழுத்துக்கு ஒரு சாட்சி

எங்கள் பட்டறையில் டிங்கர் வேலை பார்ப்பவனுக்கு இரண்டு காதும் மந்தம். முப்பது வருடம் தகரத்தைத் தட்டினால் வேறென்ன ஆகும். ஆனால் கண் கூர்மை. ஒடுங்கின கதவைத் தட்டி நிமிர்த்திவிட்டுத் தலையைச் சாய்த்து ஒருமுறை பார்ப்பான். அரிசி அளவு மேடு இருந்தாலும் பிடித்துவிடுவான். அதற்கப்புறம்தான் வண்டி என்னிடம் வரும். நான் பெயிண்டர்.

ஞாயிற்றுக்கிழமை ஆனால் அவனுக்குப் பறவை. ஒரு பக்கக் கண்ணாடி உடைந்த பைனாகுலரை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவான். பார்த்ததையெல்லாம் நோட்டில் எழுதி மாதம் ஒருமுறை பறவைச் சங்கத்துக்கு அனுப்புவான். பன்னிரண்டு வருடமாக இதே கதைதான்.

போன மாதம் ஏரியில் ஒன்றைப் பார்த்தானாம். சாம்பல் உடம்பு, கழுத்தில் மட்டும் செங்கல் நிறத்தில் ஒரு பட்டை. இந்தப் பக்கம் அது தென்பட்டு நாற்பது வருடம் ஆகிறதாம். பெயர் என் வாயில் நுழையாது. எழுதி அனுப்பினான். சங்கச் செயலாளரிடமிருந்து பதில் வந்தது. அது தினமும் பார்க்கிற சாம்பல் பறவைதான், கழுத்தில் சேறு ஒட்டியிருக்கும். ஃபோட்டோவும் இல்லை, வேறு யாரும் பார்க்கவும் இல்லை, எனவே பதிவில் சேர்க்க முடியாது.

அன்றோடு நோட்டை மூடிவிட்டான். பைனாகுலர் பட்டறைச் சுவரில் ஆணியில் தொங்கியது. அவன் மனைவி என்னிடம் வந்து நின்றாள்.

"ஞாயித்துக்கிழமை பூரா சுவரைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்காருண்ணா. நீங்களாவது ஏதாவது பேசிப் பாருங்க."

பட்டறை எலக்ட்ரீஷியன் சுலபமாக ஒரு வழி சொன்னான். ஒயரைவிட வாய் நீளம் அவனுக்கு.

"சாட்சிதானண்ணே வேணும்? பேப்பரைக் குடுங்க. நாங்க ரெண்டு பேரும் பாத்தோம்னு கையெழுத்துப் போட்டுடறோம்."

டிங்கர் சுத்தியலைக் கீழே வைத்தான். "பாக்காம போடற கையெழுத்து எனக்கு எதுக்குடா? அதுக்குச் செயலாளர் சொன்னதே தேவலாம்."

"அப்ப கூட்டிட்டுப் போய்க் காட்டு," என்றேன். எரிச்சலில் சொன்னதுதான். வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன்.

அடுத்த ஞாயிறு எலக்ட்ரீஷியனின் வேனில் போனோம். விடியும்போது ஏரிக்கரை. பேசக் கூடாது என்று டிங்கர் உத்தரவு போட்டான்.

"மெதுவாக் கூடவா? உங்களுக்குத்தான் கேக்காதே அண்ணே."

"எனக்குக் கேக்காது. அதுக்குக் கேக்கும்."

அஞ்சு மணி நேரம். காக்காய் பறந்தால்கூட "இதுவா?" என்பான் எலக்ட்ரீஷியன். கொண்டுபோன பன்னும் டீயும் தீர்ந்தன. என் கால் மரத்துப்போனது. பதினோரு மணிக்கு டிங்கர் எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டான்.

"போலாம்டா. ஒருவேளை சேறாவே இருந்திருக்கும்."

தன் கண்ணை அவனே சந்தேகப்பட்டு நான் பார்த்ததில்லை. பையைத் தூக்கினேன்.

அப்போது, ஒதுங்கப் போன எலக்ட்ரீஷியன் புதருக்குப் பின்னாலிருந்து குனிந்தபடியே ஓடிவந்தான். ஒரு கையில் அவிழ்ந்த பெல்ட். இன்னொரு கையால் என் சட்டையை இழுத்தான். வாய் திறக்கவில்லை. அவன் பேசாமல் நான் பார்த்தது அன்றுதான்.

எதிர்க்கரை நாணலில் அது நின்றது. போனில் எடுத்தால் வெறும் புள்ளி. டிங்கர் பைனாகுலரை எனக்குத்தான் முதலில் கொடுத்தான்.

"நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். உனக்குத் தெரியறதச் சொல்லு."

நல்ல வெயில். வெயிலில் எந்த நிறமும் பொய் சொல்லும். நான் எந்த வண்டிக்கும் வெயிலில் வைத்து நிறம் பார்க்க மாட்டேன். மேகம் மறைக்கட்டும் என்று காத்திருந்தேன். மறைத்தது. கழுத்தில் பட்டை தெரிந்தது. விளிம்பு, டேப் ஒட்டி அடித்த மாதிரி நேராக இருந்தது. சேறு என்றால் திட்டுத் திட்டாக, மங்கலாக இருக்கும். இதில் பளபளப்பு இருந்தது. அது மூன்று முறை கழுத்தைத் தண்ணீரில் முக்கி எடுத்தது. நிறம் கரையவில்லை.

"சேறு இல்லடா," என்றேன். "கம்பெனியிலேயே அடிச்ச பெயிண்ட்."

அவன் பைனாகுலரை வாங்கினான். அது பறந்து போகும்வரை கண்ணை எடுக்கவில்லை.

அங்கேயே வேன் பானெட்டில் வைத்து அவன் நோட்டில் எழுதினேன். டேப், பளபளப்பு, மேகம் எல்லாம் என் பாஷையிலேயே. எலக்ட்ரீஷியனும் தான் பார்த்ததை எழுதினான். எதற்காகப் புதருக்குப் போனான் என்பதை மட்டும் விட்டுவிட்டான்.

சங்கத்துக்கு அனுப்பிய பத்தாம் நாள் பதில் வந்தது. பதிவில் சேர்த்துவிட்டார்கள். உங்கள் கண்ணைச் சந்தேகப்பட்டது என் தவறு என்று செயலாளர் எழுதியிருந்தார். வரும் ஞாயிறு அவரும் வருகிறாராம். பெயிண்டரையும் அழைத்து வர முடியுமா என்று கேட்டிருந்தார்.

டிங்கர் கடிதத்தை இரண்டு முறை படித்துச் சட்டைப்பையில் வைத்தான். ஆணியிலிருந்து பைனாகுலரை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தான்.

"எனக்கு ஞாயித்துக்கிழமை வேற வேலை இருக்கு," என்றேன்.

அவன் துடைத்துக்கொண்டே இருந்தான். காது மந்தம் சில நேரம் அவனுக்கு வசதி.