மூணாம் ஸ்டாண்டுல ஆள் இல்ல

கதை விடுறான்னு நினைக்கிறவங்க தாராளமா நினைச்சுக்கோங்க. எனக்கு ஒரு நஷ்டமும் இல்ல. இது எனக்கு நடந்தது. என் ரெண்டு கண்ணு மேல சத்தியம்.

ஊருக்கு நட்டநடுவுல எழுபத்திரெண்டு வருஷம் ஓடின இரும்பாலை. ஆலை முதல்ல வந்துச்சு, ஊர் பின்னாடி வந்து அதைச் சுத்தி உட்கார்ந்துச்சு. நான் அங்க ஆப்பரேட்டர். பழுக்கக் காய்ச்சின இரும்பை ரெண்டு உருளைக்கு நடுவுல விட்டு நசுக்கி, கம்பியா நீட்டணும். ஒவ்வொரு ஜோடி உருளைக்கும் ஸ்டாண்டுன்னு பேரு. மொத்தம் அஞ்சு ஸ்டாண்டு.

ரிப்பேர் பார்த்துட்டு திரும்ப ஓட்டுறதுக்கு முன்னாடி ஒரு வழக்கம் உண்டு. நான் மணி அடிச்சு, "உள்ள ஆள் யாரு?"ன்னு கத்தணும். உள்ள இருக்கிறவன் "நிறுத்து!"ன்னு கத்துவான். கடைசியா வெளிய வர்றவன் "ஆள் இல்ல"ம்பான். அதைக் கேட்ட பிறகுதான் பட்டனைத் தொடணும். "ஆள் இருக்கு"ன்னு மட்டும் எவனும் சொல்லக் கூடாது. ஏன்னு கேட்டா, "பழைய ரூலு, வாயை மூடிட்டு வேலையைப் பாரு"ன்னு ஃபோர்மேன் எரிஞ்சு விழுவார்.

அன்னிக்கு மூணாம் ஸ்டாண்டு ரிப்பேர். உள்ள போன ஃபிட்டர் எங்க மச்சான். அக்காவைக் கட்டி நாலு மாசம்தான் ஆச்சு. "மாப்ள, அவசரப்பட்டு ஓட்டித் தொலைச்சுடாதடா. உங்க அக்கா உன்னைச் சும்மா விடமாட்டா"ன்னு சிரிச்சுக்கிட்டே போனார்.

மதியம் 2:40. வெளிய வெயில் கொளுத்துது. என் கேபின்ல எப்பவும் அனல்தான் அடிக்கும். அன்னிக்கு என்னவோ குளிர்ல கை விறைச்சுது.

2:45. பக்கத்து உலை இரைச்சல் சட்டுன்னு அடங்கிடுச்சு. எட்டிப் பார்த்தேன். உலை நிக்கல, புகை வந்துக்கிட்டேதான் இருந்துச்சு. சத்தம் மட்டும் இல்ல...

2:47. ரிப்பேருக்குக் கொடுத்த நேரம் முடிஞ்சுது. மணி அடிச்சேன். "உள்ள ஆள் யாரு?"

காதைத் தீட்டிக்கிட்டேன்.

டங்... டங்... டங்...

உருளையை யாரோ தட்டுற சத்தம்.

"மச்சான்?"

"ஆள் இல்ல."

மச்சான் குரலேதான். அப்பாடான்னு இருந்துச்சு. மடப்பய நான், விரலைப் பட்டன் மேல வெச்சுட்டேன்.

"ஆள் இல்ல. ஓட்டு, தம்பி."

தம்பியா?

மச்சான் என்னை ஒரு நாளும் அப்படிக் கூப்பிட்டதில்ல.

விரலை எடுத்தேன்.

"ஓட்டுடா!"

இந்தத் தடவை குரல்... என் முதுகுக்குப் பின்னாடி.

திரும்பல. மெயின் சுவிட்சை ஆஃப் பண்ணினேன். ஓடினேன்.

மூணாம் ஸ்டாண்டு. ரெண்டு உருளைக்கும் நடுவுலேர்ந்து பூட்ஸ் போட்ட காலு ரெண்டு நீட்டிக்கிட்டு இருந்துச்சு.

பிடிச்சு இழுத்தேன். மச்சான்! பல்லுல டார்ச்சைக் கடிச்சுக்கிட்டு இருந்தார். அதைத் துப்பிட்டு, "என்னடா, பேயறைஞ்ச மாதிரி நிக்கிற?"ன்னார்.

"மணி கேக்கலையா?"

"எந்த மணி?"

அங்கேயே தரையில உட்கார்ந்து அழுதேன். வெக்கமெல்லாம் பார்க்கல.

ஆறு வருஷம் கழிச்சு ஆலையை மூடினாங்க. ஆள் வருகையைக் குறிக்கிற டைம் ஆபீஸ் கிளார்க் பழைய ஃபைலையெல்லாம் குப்பைக்கு அள்ளிக்கிட்டு இருந்தார். "உன் ஸ்டாண்டுதானே இது?"ன்னு நாலு ஃபைலை எடுத்துப் போட்டார். மூணாம் ஸ்டாண்டுல நாலு சாவு. பிந்தின மூணுலயும் ஆப்பரேட்டர்கள் ஒரே மாதிரி எழுதிக் கொடுத்திருக்காங்க. "ஆள் இல்லன்னு தெளிவா கேட்டுச்சு." ஒருத்தரையும் யாரும் நம்பல.

முதல் ஃபைல், ஆலை திறந்த ரெண்டாம் வருஷம். உள்ள மாட்டினவன் "ஆள் இருக்கு"ன்னுதான் கத்தியிருக்கான். இரைச்சல்ல பாதி போயிடுச்சு. ஆப்பரேட்டர் காதுல விழுந்தது "ஆள் இல்ல." ஓட்டிட்டான்.

கிளார்க் கடைசிப் பக்கத்தைத் திருப்பினார். இறந்தவருக்கு ஆப்பரேட்டர் என்ன உறவுன்னு ஒரு கட்டம் இருந்துச்சு.

அதுல எழுதியிருந்தது... உடன்பிறந்த தம்பி.