நானோ மெசினும் முனியாண்டி அண்ணன் நாக்கும்



ராமநாதபுரத்தில் எங்கள் கல்லூரி ஆய்வகத்து மெசின் ஒரு மாதமாகப் படுத்துக் கிடந்தது. புற்றுநோய் மருந்தைக் கண்ணுக்குத் தெரியாத கொழுப்புத் துளிகளுக்குள் அடைக்கிற மெசின். விற்ற கம்பெனியைக் கேட்டால், வெளிநாட்டிலிருந்து ஆள் வரவேண்டுமாம்.

பொறுமை போய், இன்று பால் பண்ணை மெக்கானிக் முனியாண்டி அண்ணனைக் கூட்டிவந்தேன். மூடியைக் கழற்றியவர் சிரித்தார்.

“இது பால்ல கொழுப்ப ஒடைக்கிற எங்க மெசினுல்ல தாயி? அங்கன பெருசு, இங்கன சிறுசு. அம்புட்டுத்தான்.”

வால்வைத் தேய்த்து மாட்டி, கழுவி ஓடவிட்டார். வெள்ளை வெளேரென்று திரவம் வந்தது. நான் வாய் திறப்பதற்குள் விரலால் தொட்டு நக்கிவிட்டார்!

“அண்ணே, துப்புங்க! அது புற்றுநோய் மருந்து மெசினு!”

“முழுங்கிட்டேனே தாயி!”

அலறி முடித்த பிறகுதான், இன்று சோதனைக்காக நான் ஊற்றியது வெறும் சோயாக் கொழுப்பும் தண்ணீரும் என்பது எனக்கு நினைவு வந்தது. அண்ணனோ நிதானமாகச் சப்புக்கொட்டினார்.

“கொழுப்பு நல்லா ஒடஞ்சிருக்கு. இனி ஏடு கட்டாது.”

துளி நானோ அளவுக்கு உடைந்ததா என்ற இதே பதிலுக்குத்தான் நாங்கள் பெங்களூருக்கு மாதிரி அனுப்பிவிட்டு வாரக்கணக்கில் காத்திருக்கிறோம்.

நாக்கில் நானோ அளக்கிற ஆள் உங்கள் ஆய்வகத்தில் யாராவது உண்டா?