ஆள் போட்டிருக்கோம்

சில வருடங்களுக்கு முன், திருச்சியில் பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தபோது நடந்தது இது. மார்க் குறைவு என்பதற்காக இல்லாமல், நானே விரும்பி நர்சிங் குரூப் எடுத்தவள். வகுப்பில் பாடம் நடத்துவார்கள், வாரத்தில் சில நாள் ஆஸ்பத்திரி வார்டுக்கு அழைத்துப் போவார்கள். நோயாளியைத் தொடும் முன் சொல்லிவிட்டுத் தொட வேண்டும், உடம்பு துடைக்கும்போது துடைக்கிற இடம் தவிர மற்றதைப் போர்வையால் மூடியிருக்க வேண்டும் என்றெல்லாம் எங்கள் டீச்சர் சொல்லித் தருவார். எனக்கு அந்தப் படிப்பு அவ்வளவு பிடித்திருந்தது.

அந்தக் காலாண்டு விடுமுறைக்கு முன்புதான், ஸ்ரீரங்கத்தில் இருந்த பெரியப்பா பாத்ரூமில் வழுக்கி விழுந்து, இடுப்பு எலும்பில் ஆபரேஷன் செய்து வீட்டுக்கு வந்திருந்தார். பெரியம்மா அப்பாவுக்கு போன் பண்ணினார். "உங்க பொண்ணுக்குத்தான் இதெல்லாம் தெரியுமே. லீவுக்கு அனுப்பி வைங்க." பொன்மலை ரயில்வே ஒர்க் ஷாப்பில் வேலை பார்த்த அப்பாவுக்குத் தன் அண்ணன் வீடென்றால் மறுபேச்சு கிடையாது. எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. சந்தோஷமாகத்தான் பஸ் ஏறினேன்.

முதல் நாள் உடம்பு துடைத்துவிட்டபோது பெரியப்பா துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். "இது என் படிப்பு பெரியப்பா, வெக்கப்படாதீங்க" என்றேன். படுக்கைப் புண் வராமல் அவரைத் திருப்பிப் படுக்க வைப்பது, பெட்பேன் வைப்பது, சாதம் ஊட்டுவது எல்லாம் என் பொறுப்பானது. அவருடைய மகள், என் அக்கா, அறை வாசலோடு நின்றுகொள்வாள். அவளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அந்த வாரத்திலேயே பெண் பார்க்க வந்துவிட்டார்கள். ஹாலில் பேச்சும் சிரிப்புமாக இருந்தது. பெரியப்பாவைச் சாய்த்து உட்கார வைப்பதற்காக நான் அவரைத் தாங்கிப் பிடித்திருந்தேன். அவர் கை என் தோளில் இருந்தது. மாப்பிள்ளையின் அம்மா, சம்பந்தியாகப் போகிறவரைப் பார்த்து நலம் விசாரிக்க உள்ளே வந்தார். என்னைப் பார்த்துவிட்டு, "இந்தப் பொண்ணு யாருங்க?" என்று கேட்டார்.

பின்னாலேயே வந்த பெரியம்மா கொஞ்சமும் தயங்கவில்லை. "ஹோம் நர்சுங்க. ஆள் போட்டிருக்கோம்."

"சின்னப் பொண்ணா இருக்கே. இங்கேயே தங்குமா?"

"தங்கும்."

நான் பெரியப்பாவைப் பார்த்தேன். அவருக்குப் பேச்சு நன்றாகவே வரும். ஒரு வார்த்தை போதும், என் தம்பி பொண்ணு என்று. அவர் என் தோளில் இருந்த கையை எடுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டார்.

"நல்லா பாத்துக்கம்மா" என்றார் அந்த அம்மா, நிஜமான அக்கறையோடு. "சரிங்க" என்றேன்.

அவர்கள் போன பிறகு பெரியம்மா ஒரு தட்டில் கேசரி கொண்டுவந்து வைத்தார். "மனசுல வெச்சுக்காத. அவங்க பெரிய இடம். நம்ம வீட்டுப் பொண்ணே பெட்பேன் எடுக்குதுன்னா என்ன நினைப்பாங்க?"

நான் கேசரியைத் தொடவில்லை. அவர் வெளியே போனதும் பெரியப்பாவிடம், "நீங்களாவது சொல்லியிருக்கலாமே" என்றேன்.

"நல்ல சம்பந்தம்மா. அக்கா கல்யாணம் முடியட்டும்" என்றார், ஜன்னலைப் பார்த்தபடியே.

மறுநாள் காலை அவரை எப்படித் திருப்பிப் படுக்க வைப்பது என்று அக்காவுக்குச் செய்து காட்டிவிட்டு பொன்மலைக்குக் கிளம்பிவிட்டேன். நடந்ததைச் சொன்னதும் அம்மா கொதித்துப் போனார். அப்பா சட்டையைக் கழற்றி மாட்டியபடி, "எங்க அண்ணன் பாவம், படுத்த படுக்கையா கெடக்குறாரு. விடும்மா" என்றார்.

விட்டிருப்பேன். ஆனால் அந்தச் சம்பந்தமே முடிவானது. பத்திரிகையில் அப்பா பெயரைப் போட்டிருந்தார்கள். கல்யாணத்துக்கு முன்பு பெரியம்மா அம்மாவுக்கு போன் பண்ணினார். மாப்பிள்ளையின் அம்மா என்னை அடையாளம் கண்டுகொள்வார், அதனால் நான் வர வேண்டாம் என்று. "படிப்பு இருக்குன்னு சொல்லிக்கலாம்" என்றாராம். அம்மா என்னோடு வீட்டில் இருந்துவிட்டார். அப்பா மட்டும் பட்டு வேட்டி கட்டிக்கொண்டு போனார்.

இன்று நான் ஒரு ஆஸ்பத்திரியில் ஸ்டாஃப் நர்ஸ். உறவில் யாருக்கு முடியவில்லை என்றாலும் பெரியம்மாதான் முதலில் கூப்பிடுகிறார். "எங்க வீட்டுப் பொண்ணு அங்கதான் இருக்கு" என்று என் காதுபடவே சொல்கிறார். நானும் போய் வேண்டியதைச் செய்கிறேன். பெரியப்பா இப்போது கைத்தடியோடு நடக்கிறார். என்னைப் பார்த்தால் தலையாட்டுவார், அவ்வளவுதான். பெரியம்மா சொன்ன பொய்யை என்றோ மறந்துவிட்டேன். என் தோளிலிருந்து பெரியப்பா கையை எடுத்துக்கொண்ட அந்த ஒரு நொடியைத்தான் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை.