தபாலில் கேட்ட வாக்கு

சுவிஸில் நாங்கள் இருக்கும் துன் நகரசபைத் தேர்தலுக்கு என் பெயரையும் பட்டியலில் சேர்த்தபோது கட்சிச் செயலாளர் முதலில் கேட்டது என் கையெழுத்து எப்படி என்றுதான். எங்கள் கட்சியில் ஒரு வழக்கம். வேட்பாளர் தனக்குத் தெரிந்தவர்களுக்கெல்லாம் தன் கையாலேயே அட்டை எழுதி அனுப்ப வேண்டும். வீடு வீடாகப் போய் மணியடிக்கக் கூடாது, இங்குள்ளவர்களுக்கு அது தொந்தரவு என்று கண்டிப்பாகச் சொன்னார்.

எனக்கு அது பிடித்துப்போனது. ஊரார் வாசலில் நின்று பல்லைக் காட்டுவதைவிட மேசையில் இருந்து எழுதுவது எவ்வளவோ மேல். சுவிஸ்காரருக்கு ஜெர்மனிலும் எங்கள் ஆட்களுக்குத் தமிழிலும் எழுதினேன். 'தங்களின் பெறுமதிமிக்க வாக்கை எனக்கு அளிக்குமாறு பணிவுடன் வேண்டுகிறேன்.' எழுதி முடித்தபோது என் தமிழை நினைத்து எனக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது.

சுவிஸ்காரர் பதில் போட்டார்கள். கூட வேலை செய்பவள் ஒருத்தி தன் தாயாரும் எனக்குத்தான் போடப்போவதாக எழுதியிருந்தாள். எங்கள் ஆட்களிடமிருந்து மூச்சுக்கூட இல்லை. கோயிலில் கண்டால் குளிரைப் பற்றிக் கதைத்தார்கள்.

எல்லாரையும்விட மச்சாளின் மௌனம்தான் என்னைத் தின்றது. என் கணவரின் அக்கா, பக்கத்துத் தெருவில் இருக்கிறார், இன்டர்லாக்கனில் ஒரு ஹோட்டல் குசினியில் சமையல் வேலை. அண்மையில்தான் சுவிஸ் கடவுச்சீட்டு கிடைத்தது. இது அவருடைய முதல் வாக்கு. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் எனக்குப் போன் எடுக்கிறவர் அதையும் நிறுத்திவிட்டார். மச்சாளே எனக்குப் போடாவிட்டால் வேறு எந்தத் தமிழ்வீடு போடும்?

"கலியாணத்துக்குத் தபாலில சொன்னால் ஆர் வருவினம்?" என்றார் கணவர், கறிக்கு உப்புப் பார்த்தபடி.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. தேர்தல் என்ன கலியாணவீடோ என்று சண்டை பிடித்தேன். ஆனால் அவர் சொன்னதில் விஷயம் இருந்தது. நேரில் வந்து சொல்லாத கலியாணத்துக்கு எங்கள் சனம் போகாது, நானும் போனதில்லை. செயலாளருக்குச் சொல்லாமல் அடுத்த நாளே மச்சாள் வீட்டு மணியை அடித்தேன்.

தேத்தண்ணி வந்தது. என் அட்டை குளிர்சாதனப் பெட்டியின் கதவில், நான் எழுதிய பக்கம் வெளியே தெரிய ஒட்டியிருந்தது. நான் தொண்டையைச் செருமிக்கொண்டு நகரசபை, பேருந்துக் கட்டணம் என்று தொடங்கினேன். மச்சாள் கையைக் காட்டி நிறுத்தினார்.

வாக்குச்சீட்டு தபாலில் வீட்டுக்கு வந்த அன்றைக்கே நிரப்பினாராம். இங்கே பட்டியலில் ஒருவர் பெயரை வெட்டிவிட்டு இன்னொருவர் பெயரை இரண்டு தடவை எழுதலாம். என் பெயரை இரண்டு தடவை எழுதி, தபாலை நம்பாமல் நகரசபைக்கு நடந்துபோய் அங்குள்ள பெட்டியில் போட்டுவிட்டு வந்தாராம். அதற்கு அடுத்த நாள்தான் என் அட்டை வந்திருக்கிறது.

"பணிவுடன் எண்டு எழுதியிருக்கிறீர்," என்றார். குரல் உடைந்திருந்தது. "நான் வேற ஆருக்குப் போடுவன் எண்டு நினைச்சனீர்?"

தேத்தண்ணி ஆறிக்கொண்டிருந்தது. மச்சாள் மூக்கைத் துடைத்துவிட்டு எழும்பிப் போய் ஜாக்கெட்டை மாட்டினார்.

"வாரும், மற்ற வீடுகளுக்கு நானும் வாறன்."

போனோம். போன இடமெல்லாம் வடையும் தேத்தண்ணியும். இரண்டு வீட்டில் ஏன் பிந்தி வந்தாய் என்று ஏச்சும் விழுந்தது.

தேர்தலில் நான் தோற்றேன். தோற்றவர்களும் ஆதரவாளருக்கு நன்றி அட்டை எழுத வேண்டும் என்பது கட்சியின் இன்னொரு வழக்கம். சுவிஸ்காரருக்கெல்லாம் ஒழுங்காக எழுதித் தபாலில் போட்டேன். பிறகு மச்சாள் வீட்டுக்கு நடந்துபோய் மணியடித்தேன். அவர் கதவைத் திறந்ததும், அதுவரை யாருக்கும் காட்டாமல் வைத்திருந்த அழுகையை அங்கேதான் அழுதேன்.