ஈசானி மூலையில் இறங்கிய கால்

வீட்டுக்காரர் பொய் சொல்கிறாரா என்பதைத் தரையில் நின்று கண்டுபிடிப்பது சிரமம். முப்பதடி உயரத்தில், கூடைக்குள் நின்றால் உடனே தெரிந்துவிடும். கூடை சாயும்.

என் பிழைப்பு இழுவை லிஃப்ட். ஜீப்புக்குப் பின்னால் கொக்கி மாட்டி இழுத்துப்போய் வீட்டு முன்னால் நிறுத்துவேன். நான்கு இரும்புக் கால்களைத் தரையில் ஊன்றி, மடங்கிய கையை நீட்டினால், நுனியில் இருக்கும் கூடை இரண்டு மாடிக்கு மேலேயும் போகும். சாரம் கட்டாமல் வெளிச்சுவருக்குப் பெயின்ட் அடிக்கலாம், விரிசல் பூசலாம், அரசமரக் கன்றைப் பிடுங்கலாம். திருப்பதி, சித்தூர் பக்கம் இதற்குக் 'கூடை வண்டி' என்று பெயர், கால்களுக்கு 'ஜாக்கி'. கூடை இருநூறு கிலோ தாங்கும். நானும் பெயின்டர் முனிரத்தினமும் ஒரு வாளியும் ஏறினால் சரியாக இருக்கும். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு சரியாக இருக்காது.

1. 'டொம்'

வீடு புத்தலப்பட்டில், ரோட்டைப் பார்த்தபடி இருந்தது. உரிமையாளர் தாமோதரம், வேலையிலிருந்து ஓய்வு பெற்று வாஸ்து பார்க்கிறவர். அவர் வாக்கை நம்பி இடிக்கப்பட்ட சமையலறைகள் திருப்பதி வரைக்கும் உண்டு. அன்றும் திருப்பதியிலிருந்து ஒருவர், சுருட்டிய வீட்டு பிளானோடு கேட் ஓரம் காத்திருந்தார்.

ஜாக்கியை ஊன்றும் முன் அந்த இடத்தைக் கடப்பாரையால் தட்டிப் பார்ப்பது வழக்கம். மூன்று இடங்கள் 'தட்' என்றன. வடகிழக்கில், பளபளவென்ற டைல்ஸ் மேல் தட்டினேன். 'டொம்' என்றது.

"சார், கீழ தொட்டி எதுனா இருக்குதா?"

"ஈசானி மூலைல தொட்டியா? யார் வூட்ல நின்னுகினு இன்னா கேக்கற பாபு?" என்றார், என்னைப் பார்க்காமல் கேட்டைப் பார்த்து.

"அப்ப செப்டிக் டேங்க்?"

"வாயு மூலைல. எங்க இருக்கணுமோ அங்க."

நான் கொஞ்சம் படித்தவன். எதையும் சந்தேகப்படு என்று சொல்லும் புத்தகங்கள் என் அலமாரியில் ஒரு வரிசை இருக்கின்றன. அன்று சந்தேகப்பட்டது கடப்பாரை மட்டும்தான். காலையில்தான் அவர் என் நெற்றியைப் பார்த்து, ஐம்பதுக்கு மேல் ராஜயோகம் என்றிருந்தார். அப்படிச் சொன்ன மனிதரைப் போய் எப்படிச் சந்தேகப்படுவது?

ஒவ்வொரு ஜாக்கிக்கும் கீழே ஒரு கனமான பலகை வைக்க வேண்டும். நான்காவது பலகையின் மேல் முனிரத்தினம் பெயின்ட் கலக்கிக்கொண்டிருந்தான்.

"அப்புறம் வெச்சிக்கலாம்ணா" என்றான்.

அப்புறம் வைத்துக்கொள்ளலாம் என்றுதான் எனக்கும் தோன்றியது. அந்த ஜாக்கியை டைல்ஸ் மேலேயே ஊன்றினேன்.

2. பூமி இறங்குகிறது

கைப்பிடிச் சுவரின் வெளிப்பக்கத்தைச் சுரண்டிக்கொண்டிருந்தோம். கீழே அப்பளம் நொறுங்கும் ஓசை. கூடை பக்கத்து வீட்டுத் தென்னையை விசாரிக்கப்போவதுபோல் ஒரு முழம் சாய்ந்தது. அலாரம் கத்தியது. ஒரு ஜாக்கி பிடிமானம் இழந்தால் கூடையில் இருக்கும் பட்டன்கள் எதுவும் வேலை செய்யாது. ஆபத்தை அதிகமாக்காமல் இருக்க அப்படி ஓர் ஏற்பாடு. மேலே இருப்பவனுக்கு அதன் நியாயம் உடனே விளங்காது.

"இன்னாணா, வண்டி குனியுது?"

"அசையாத."

"மூச்சு வுட்டுக்கலாமா?"

கீழே, வண்டியின் அடியில் ஒரு சிவப்புக் குமிழ் உண்டு. யாராவது அதைத் திருப்பினால்தான் கூடை இறங்கும். தாமோதரம் பத்தடி தூரத்தில்தான் நின்றிருந்தார்.

"சார்! அந்தச் செவப்புக் குமிழ! மெதுவாத் திருப்புங்க!"

அவர் நகரவில்லை. திருப்பதிக்காரரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: "ஈசானியம் எப்பவும் தாழ்வா இருக்கணும். பாத்தீங்களா, பூமி தானா எறங்குது."

எங்கள் உயிரை வைத்து அவர் பாடம் நடத்திக்கொண்டிருந்தபோது அவர் மனைவி சரோஜம்மா வெளியே வந்தார். நகரிப் பக்கத்துப் பெண்மணி.

"இன்னாங்க இது! ரெண்டு பேர் மேல தொங்கிகினு கீறாங்க, நீங்க கத சொல்லிகினு கீறீங்க! லெட்ரின் தொட்டி மேல இல்ல கால வெச்சிக்கினு கீறாங்க!"

"மெதுவாப் பேசு சரோஜா."

"நான் மெதுவாப் பேசுனா வண்டி மெதுவா வுழுமா?"

"அது தண்ணித் தொட்டிங்க" என்றார் தாமோதரம் திருப்பதிக்காரரிடம். நல்ல பதில்தான்; ஈசானியில் செப்டிக் டேங்க்தான் கூடாது, தண்ணீர் இருக்கலாம், சாஸ்திரத்தில் இடம் உண்டு. அரை நிமிடம் அது நின்றது. பிறகு வாடை வந்தது. காற்றுக்கு வாஸ்து தெரியாது.

"அம்மா, ஒடஞ்ச பக்கம் வராதீங்க, இப்படிச் சுத்திகினு வாங்க" என்று கத்தினேன். வந்தார். குக்கர் வெயிட்டைத் தூக்குகிற நிதானத்தோடு குமிழைத் திருப்பினார். கூடை சாண் சாணாக இறங்கியது. ஜாக்கி இன்னும் நாலு விரற்கடை புதைந்து, தொட்டியின் சுவரில் முட்டி நின்றது.

தரைக்கு வந்ததும் தாமோதரத்தை நாலு வார்த்தை கேட்பதாக மேலேயே தயாரித்து வைத்திருந்தேன். வாயில் வந்தது 'கொஞ்சம் தண்ணி' மட்டும்தான். முனிரத்தினம் நேராகப் போய், பலகை மேலிருந்த பெயின்ட் வாளியைக் கீழே இறக்கிவிட்டு, அந்தப் பலகையைத் தூக்கிக்கொண்டு வந்தான்.

"இப்ப வெக்கட்டாணா?"

3. டைல்ஸ்

"வாயு மூலைல பாறை வந்துச்சி, தோண்ட முடியல. இதுல இன்னா மானம் போவுது?" என்று சரோஜம்மா எனக்குத் தண்ணீர் கொடுத்தபடி சொன்னார்.  போவது எது என்று தாமோதரத்துக்குத் தெரியும். கேட்டில் நின்றவர், அவரை நம்பிப் போன மாதம்தான் தன் வீட்டு ஈசானி மூலை செப்டிக் டேங்க்கை இடிக்க முடிவு செய்திருந்தார். கையிலிருந்தது அதற்கான பிளான்.

திருப்பதிக்காரர் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓட்டைக்குள் எட்டிப் பார்த்தார். டைல்ஸைத் தடவிப் பார்த்தார். சண்டை வரும் என்று நாங்கள் ஆவலோடு காத்திருந்தோம். அவர் தாமோதரத்தின் காதருகே போய்க் கேட்டார்:

"சார், இந்த டைல்ஸ் எந்தக் கடைல வாங்கனீங்க? கீழ தொட்டி இருந்ததே தெரியலயே."

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு என்னிடம் உள்ள பாடம் இவ்வளவுதான். முதலில் பலகையை வையுங்கள். பெயின்ட்டை எங்கே வேண்டுமானாலும் கலக்கலாம். அடுத்து, தொட்டி எங்கே என்று எவரிடமும் கேட்காதீர்கள். வீட்டு அம்மாவிடம் நான் இப்போது இப்படித்தான் கேட்கிறேன்: "போன தபா டேங்க் கிளீன் பண்ற லாரி வந்தப்போ, பைப்ப எங்கம்மா வுட்டாங்க?"

இதற்கு யாரும் யோசித்துப் பதில் சொன்னதில்லை. விரல் நேராகப் போய் இடத்தைக் காட்டிவிடும். பெரும்பாலும் ஈசானி மூலையைத்தான்.