நிலாணிக்கு அளவான துவக்கு

என் தங்கை நிலாணிக்கு முப்பத்தொரு வயது. ஒன்ராறியோவின் வடக்கே, தெரு போகாத இடங்களில் ஆற்றுத் தண்ணீரைச் சோதனைக்கு எடுக்கும் வேலை. அங்கே கரடி உண்டு என்பதால் குழுவில் ஒருவர் சுடத் தயாராகத் துவக்கோடு காவல் நிற்க வேண்டும். இந்த வருடம் அந்தப் பொறுப்பை அவளுக்குக் கொடுக்க இருந்தார்கள். கிடைத்தால் வேலை நிரந்தரம். அதற்கு ஐந்து வெடியில் நாலு வெடியாவது இலக்கில் பட வேண்டும். இரவல் துவக்கால் சுட்டாள். ஒன்றுதான் பட்டது. இனி ஒரே ஒரு தவணை, நாலு கிழமை கழித்து.

லைசன்ஸ் அவளிடம் இருந்தது. சொந்தத் துவக்கு வாங்கப் புறப்பட்டாள். நான் அஜின்கோர்ட்டில் உடுப்புத் திருத்தும் கடை வைத்திருப்பவள். பத்தாம் வகுப்புக்கு மேல் படிக்கவில்லை. ஆனால் அளவு பார்க்காமல் எதையும் வாங்க விடமாட்டேன். அளவு நாடாவையும் எடுத்துக்கொண்டு கூடப் போனேன்.

கடையில் நின்றவர் றிச்சர்ட், யாழ்ப்பாணத்து ஆள். அவருடைய காற்சட்டை ஓர் அங்குலம் நீளம் என்பதுதான் முதலில் என் கண்ணில் பட்டது. நிலாணி பெரிய, கறுத்த துவக்கு ஒன்றைக் காட்டினாள்.

“உது வேண்டாம் தங்கச்சி. வடிவு பாத்து எடுக்க இது சாறியே? நாள் முழுக்கத் தூக்கிக்கொண்டு நடக்கேலுமோ?”

வேறொன்றை எடுத்து, உள்ளே தோட்டா இல்லை என்பதை இரண்டு தரம் பார்த்துவிட்டுக் கொடுத்தார். அதன் பின்பக்கக் கட்டையை அவள் முழங்கை மடிப்பில் வைத்தார். விரல் விசைக்கு எட்டவில்லை. நான் நாடாவைப் பிடித்தேன்.

“ஒண்டேகால் இஞ்ச் கூட.”

“அக்கா, நாளைக்கு இஞ்ச வேலைக்கு வாறியளோ?”

பிறகு அவளை இரண்டு கைகளையும் நீட்டி, நடுவே சிறு ஓட்டை விட்டு, சுவர் மணிக்கூட்டைப் பார்க்கச் சொன்னார். இடக்கண்ணை மூடினால் மணிக்கூடு மறைந்தது. வலக்கண்ணை மூடினால் அப்படியே நின்றது.

“உங்களுக்குக் குறி பாக்கிறது இடக்கண். வலத்தோளில வச்சா எப்பிடிப் படும்? நீங்கள் இடக்கைக்காரியோ?”

“இல்லை,” என்றாள் நிலாணி.

“ஓம்,” என்றேன் நான்.

இருவரும் திரும்பிப் பார்த்தார்கள். அம்மா இரண்டு வேலைக்குப் போன காலம். நாலு வயது நிலாணிக்குச் சோறு போட்டவள் நான். இடக்கையை நீட்டும்போதெல்லாம் கரண்டியால் தட்டி மாற்றினேன். பென்சிலுக்கும் அதே தட்டு. நல்லதொரு காரியம் செய்தேன் என்றுதான் இத்தனை வருடமும் நினைத்திருந்தேன்.

“அப்ப கரடியிட்ட என்னைப் பிடிச்சுக் குடுக்கப் பாத்தனீங்கள்!” என்று நிலாணி சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

“கவலைப்படாதேங்கோ அக்கா. கண்ணை மாத்தேலாது. கை பழகும்,” என்றார் றிச்சர்ட்.

கட்டை குறுகிய, பாதுகாப்புப் பூட்டு மேலே இருப்பதால் எந்தக் கைக்கும் வசதியான ஒன்றைத் தெரிந்தெடுத்துத் தந்தார். வீட்டில் பூட்டி வைக்கப் பெட்டி இருக்கிறதா என்று கேட்டபிறகுதான் பில் போட்டார். அதோடு விடவில்லை. மூன்று சனிக்கிழமை தன் ஓய்வு நாளில் சுடும் திடலுக்கு வந்து அவளுக்குப் பக்கத்தில் நின்றார்.

சோதனை நாளன்று நான் தையல் மெசினில் இருந்தேன். போன் அடித்தது.

“அக்கா, ஐஞ்சுக்கு நாலு!”

கண் நிறைந்துவிட்டது. ஆனாலும் கேட்டேன், “மற்றது ஏன் பிழைச்சது?”

“முதல் வெடி. பதட்டத்தில துவக்கு தன்பாட்டில வலத்தோளுக்குப் போயிட்டுது. அது உங்கட வெடி. மற்ற நாலும் என்ர.”

அடுத்த நாள் நாடாவோடு றிச்சர்ட்டின் கடைக்குப் போனேன். அவருடைய காற்சட்டைகள் எல்லாம் இப்போது சரியான நீளத்தில் இருக்கின்றன.