பொம்மை இல்லாத தேன்மொழி

பொம்மைக்குக் கதை எழுதும் தொழிலில் முதலில் வருவது கதை அல்ல, குடோன். எந்தப் பொம்மை அங்கே விற்காமல் குவிந்து கிடக்கிறதோ, அதுதான் அந்த மாதத்துக் கதாநாயகன். மேலே இருப்பவர் சொன்னதைச் செய்துவிட்டு, காரியம் கெட்டபிறகு அது உங்கள் யோசனைதான் என்று அவர் வாயாலேயே கேட்டிருக்கிறீர்களா? அப்படியானால் நீங்களும் நம்ம ஆள்தான். தைரியமாகப் படியுங்கள்.

சென்னையில் ஒரு பொம்மைக் கம்பெனி. 'இடிமலைப் படை' என்ற பெயரில் மீட்பு வீரர்கள், அவர்களுடைய வண்டிகள், ஒரு வில்லன் என்று டப்பா டப்பாவாக விற்கிறார்கள். ஒவ்வொரு டப்பாவுக்குள்ளும் பதினாறு பக்கத்தில் ஒரு படக்கதைப் புத்தகம் இருக்கும். ஏற்காட்டுப் பக்கம் நாகலூரில் உட்கார்ந்துகொண்டு பத்து வருஷமாக அதை எழுதி வருவது நான். அதில் வரும் ஆட்கள் எல்லாரும் கம்பெனி பெற்ற பிள்ளைகள். ஒருத்தி மட்டும் நான் பெற்றவள். பெயர் தேன்மொழி, வண்டி மெக்கானிக். அவளுக்குப் பொம்மை கிடையாது. பொம்மை இல்லாத ஆளுக்கு எங்கள் தொழிலில் ஆயுசு கெட்டி இல்லை. அவளை உயிரோடு வைத்திருக்க நான் பட்ட பாட்டைத்தான் சொல்லப் போகிறேன்.

கந்தகன் சாகக் கூடாது

என் முதல் கதையில் வில்லன் கந்தகனைக் கொண்டை ஊசி வளைவிலிருந்து ஜீப்போடு உருட்டிவிட்டு, பள்ளத்தில் தீப்பிடிக்க வைத்து முடித்திருந்தேன். எழுதி முடித்ததும் எனக்கே கை தட்டத் தோன்றியது. மறுநாள் காலையில் பிராண்டு மேனேஜர் சுதாகரிடமிருந்து போன். மனிதர் குரல் உயர்த்தவே மாட்டார், கழுத்தை அறுக்கும்போதும் 'மேடம்' போட்டுத்தான் அறுப்பார். கந்தகன் மேல் உங்களுக்கு என்ன இத்தனை கோபம் என்று விசாரித்தார். ஊர்க் குடிதண்ணீரில் விஷம் கலந்திருக்கிறானே என்றேன். அது பரவாயில்லையாம். ஆனால் ஜீப்புக்குக் கீறல்கூட விழக் கூடாதாம், அது தனி டப்பாவில் விற்கிறதாம்.

"அவனுக்கு இன்னும் நிறைய ஸ்டாக் இருக்கு மேடம். தீயெல்லாம் வேண்டாம், நாலு வார்த்தை திட்டி அனுப்பிச்சிடுங்க."

வாழவந்தி ரோட்டில் பிறந்தவள்

படையின் வண்டிகள் மாதாமாதம் உருளும், முட்டும், வெள்ளத்தில் முங்கும். அடுத்த மாதம் புத்தம் புதுசாக வந்து நிற்கும். யார் அதையெல்லாம் ரிப்பேர் செய்கிறார்கள் என்று கம்பெனியில் ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்கு மட்டும் அது உறுத்திக்கொண்டே இருந்தது. அந்தச் சமயத்தில்தான் வாழவந்திக்குப் போகும் வழியில் என் ஸ்கூட்டர் நின்றுவிட்டது. தள்ளிக்கொண்டு போய்ச் சேர்ந்த இடம் செல்வியின் ஒர்க்‌ஷாப். தகரக் கூரை, சேலைக்கு மேலே முழுக்கைச் சட்டை, கொண்டையில் செருகிய பத்தாம் நம்பர் ஸ்பேனர். எஸ்டேட் ஆட்களின் பழைய மொபெட்டிலிருந்து ஊர் சுற்றிப் பார்க்க வந்தவர்களின் பெரிய பைக் வரைக்கும் அவள் கைக்குத்தான் வரும். வெளியூர்க்காரர்கள் அவளிடமே வந்து, மெக்கானிக் எங்கே போயிருக்கிறார் என்று கேட்பார்கள். அவள் வண்டியை அவர்கள் கையிலிருந்து வாங்கி ஸ்டாண்டு போட்டுவிட்டு வேலைக்கு உட்கார்ந்துவிடுவாள்.

என் ஸ்கூட்டர் கிளம்புவதற்குள் தேன்மொழி பிறந்துவிட்டாள். உன்னை மாதிரியே ஒருத்தியைக் கதையில் எழுதிக்கொள்ளட்டுமா என்று செல்வியிடம் கேட்டேன். கார்புரேட்டரை ஊதித் துடைத்துக்கொண்டே சொன்னாள்.

"எழுதிக்கங்க்கா. அவளுக்கு ஒரு ஹெல்ப்பரையும் வச்சுக் குடுத்துருங்க. ஒண்டியா நொம்பச் செரமமுங்க."

கேட்டலாக்கில் இல்லாதவள்

ஹெல்ப்பர் இருக்கட்டும், தேன்மொழிக்கே இடமில்லை. சுதாகர் என் கதையைக் கேட்டலாக்கோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, இந்தப் பெண்ணுக்கு எந்த நம்பர் என்று கேட்டார். நம்பர் இல்லை, பொம்மை செய்யுங்களேன் என்றேன். பையன்கள் வாங்க மாட்டார்கள் என்றார். பெண் பிள்ளைகள் வாங்குவார்களே என்றேன். பெண் பிள்ளைகள் அந்த ஷெல்ஃப் பக்கமே வருவதில்லை என்று அவரிடம் ஒரு ரிப்போர்ட் இருந்தது. அவரிடம் எதற்கும் ஒரு ரிப்போர்ட் இருக்கும்.

கடைசியில் ஒரு சமரசத்துக்கு வந்தோம். அவள் இருக்கலாம், முகம் தெரியக் கூடாது. படம் வரைகிற மோகன் அதற்கும் வழி கண்டுபிடித்தார். வண்டிக்கு அடியிலிருந்து இரண்டு கால் மட்டும் நீட்டிக்கொண்டிருக்கும். இரண்டு வருஷம் தேன்மொழி வெறும் காலாகவே வாழ்ந்தாள். காலுக்கு வசனம் எழுதுகிற கஷ்டம் எழுதிப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். இருந்தாலும் நல்ல வசனமாகப் பார்த்துப் பார்த்து எழுதினேன். அதுதான் நான் செய்த தப்பு, சுதாகர் கண்ணில் பட்டுவிட்டது.

"கடையில கிடைக்காத ஆளுக்கு வசனம் எதுக்கு மேடம்? பக்கத்துல நிக்கற கேப்டனுக்குக் குடுத்துடுங்க."

ஆடாத ஸ்டூல்

அன்றிலிருந்து என்ஜினைப் பற்றிப் படைத் தலைவன் கேப்டன் வேங்கைக்குத் தெரியாததே இல்லை என்று ஆகிவிட்டது. எனக்கு வேலையே கசந்துபோன நாட்கள் அவை. சேலத்துக்குப் போயிருந்தபோது, நான் யார் என்று சொல்லாமல் ஒரு பொம்மைக் கடைக்குள் நுழைந்தேன். இடிமலைப் படையில் ஒரு டப்பாவை வாங்கித் திறந்தால் புத்தகத்தைக் காணோம். கடைக்காரரிடம் கேட்டேன். அவர் சாவகாசமாக எழுந்து, தான் உட்கார்ந்திருந்த ஸ்டூலைக் காட்டினார். அதன் ஒரு கால் குட்டை. அந்தக் காலுக்கு அடியில் என் கதைகள் கட்டாக இருந்தன. புத்தகம் உள்ளே இருந்தால் டப்பா சரியாக மூடுவதில்லையாம், அதனால் எல்லா டப்பாவிலிருந்தும் எடுத்துவிடுகிறாராம்.

மனசு விட்டுப்போய் வாசலுக்கு வந்தேன். அதற்குள் அவரே கூப்பிட்டு இன்னொன்றும் சொன்னார். கட்டிப் போடுவதற்கு முன்னால் எல்லாவற்றையும் ஒரு தடவை படித்துவிடுவாராம்.

"வேற கடையில வாங்குன புத்தகத்தைப் பாத்துட்டு, அந்த மெக்கானிக் புள்ள பொம்மை இருக்குதான்னு நாலஞ்சு பேரு வந்து கேட்டுட்டாங்க. கம்பெனிக்காரங்களுக்குத்தானுங்க அது ஒறைக்க மாட்டேங்குது."

நாகலூர் பஸ் ஸ்டாப்பில் ஒரு வழக்கு

அப்போதுதான் நான் யார் என்று சொன்னேன். சொல்லி, இதை அப்படியே கம்பெனிக்குப் போன் போட்டுச் சொல்ல முடியுமா என்று கேட்டேன். நல்ல மனிதர், சொல்லிவிட்டார். அதனால் வந்தது ஒரு வீடியோ மீட்டிங். தேன்மொழிக்குப் பொம்மை செய்வதா, இல்லை அவள் கதையை முடித்துவிடுவதா என்று அன்றைக்கு முடிவாக வேண்டும். எங்கள் வீட்டில் வீடியோவுக்குச் சிக்னல் நிற்காது, பஸ் ஸ்டாப்பில்தான் நிற்கும். தூறலில் குடையைப் பிடித்துக்கொண்டு, எஸ்டேட் வேலை முடிந்து பஸ்ஸுக்குக் காத்திருந்தவர்களுக்கு நடுவே போனைப் பார்த்து வாதாடினேன். பொம்மை வார்க்கப் புது அச்சு செய்யச் செலவாகும், ஆகையால் அடுத்த இதழில் மண் சரிவில் அவள் புதைந்துவிடட்டும் என்றார்கள். அச்சு இல்லாத பிள்ளைக்கு மண் சரிவுதான் மலிவாம். எனக்குப் பொறுக்கவில்லை. அவளைக் கொல்ல நான் சம்மதிக்க மாட்டேன், அப்படிச் செய்வதானால் எனக்கும் இந்த வேலை வேண்டாம் என்று சத்தமாகவே சொல்லிவிட்டேன்.

பஸ் வந்து நின்றது. ஒருவர்கூட ஏறவில்லை. காப்பிப் பழம் எடை போடும் பெருமாள் அண்ணன் என் பக்கத்தில் வந்து, யாரைக் கொல்லச் சொல்கிறார்கள், போலீசுக்குச் சொல்லட்டுமா என்று தாழ்ந்த குரலில் கேட்டார். கதையில் வருகிற பெண்தான் அண்ணா என்று எல்லாவற்றையும் விளக்கினேன். கண்டக்டர் விசில் அடித்துக்கொண்டே இருந்தார். பெருமாள் அண்ணன் அதைக் கண்டுகொள்ளாமல் முழுவதும் கேட்டுவிட்டு, என் போனில் மீட்டிங் இன்னும் ஓடிக்கொண்டிருப்பது தெரியாமல் தீர்ப்புச் சொன்னார்.

"பொம்மை இல்லீன்னா ஆளு சாகோணுமுங்களா? இதென்ன நாயமுங்க அம்மிணி."

கைப்பையுடன் வந்தாள்

கம்பெனி ஒப்புக்கொண்டது. கஸ்டமரின் குரல் என்று சுதாகர் அதற்கும் ஒரு ரிப்போர்ட் எழுதிவிட்டார். நாலு மாதத்தில் டப்பா வந்தது. ஆசையோடு பிரித்தேன். புது அச்சு எதுவும் செய்யவில்லை. மிஞ்சிப் போன நீச்சல் வீரன் உடம்பில் சட்டையைப் பெயின்ட் அடித்து, தலையில் ஒரு குதிரைவால் ஒட்டியிருந்தார்கள். ஸ்பேனரைக் குழந்தைகள் முழுங்கிவிடுமாம். அதற்குப் பதிலாக வேறொரு பொம்மையின் ரோஸ் கலர் கைப்பையைத் தோளில் மாட்டியிருந்தார்கள். இதற்குத்தானா இத்தனை வருஷம் சண்டை போட்டோம் என்று அழுகையே வந்துவிட்டது.

செல்வியின் முகத்தில் எப்படி முழிப்பது? மூன்று வாரம் அந்த ரோட்டுப் பக்கமே போகவில்லை. ஸ்கூட்டர் பிரேக் கிறீச்சிட்டது, அதோடேயே ஓட்டினேன். கடைசியில் ஒரு இறக்கத்தில் பிரேக் பிடிக்காமல் உயிர் தப்பியபிறகு வேறு வழியில்லாமல் போனேன். டூல்ஸ் பெட்டி மேலே தேன்மொழி இருந்தாள். செல்வி ஸ்பேர் வாங்கச் சேலம் போனபோது அவளே பார்த்து வாங்கி வந்திருக்கிறாள். கைப்பையைக் காணோம். இரண்டு முட்டியையும் இரும்பறுக்கிற ஆக்ஸா பிளேடால் அறுத்து, உள்ளே கிளட்ச் ஒயர் துண்டு கொடுத்து மடக்கியிருந்தாள். பொம்மை ஒரு நட்டுக்கு முன்னால் குத்த வைத்து உட்கார்ந்திருந்தது. முகத்தில் ஆயில் கறைகூட இருந்தது. கம்பெனியில் இப்படிப் பண்ணிவிட்டார்கள் என்று தட்டுத்தடுமாறி மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தேன். செல்வி வேஸ்ட் துணியில் கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள்.

"கம்பெனி வேலை அப்படித்தாங்க்கா வரும். முட்டி மடங்கல, பாத்து உட்டாச்சு. நீங்க பிரேக்கைக் காட்டுங்க."

பத்து வருஷத்தில் கம்பெனி என் கதையைத் திருத்தாத மாதமே கிடையாது; அந்தக் கம்பெனியையே திருத்தியவள் இந்த உலகத்தில் ஒருத்திதான், அவளுக்கோ நான் எழுதியதில் ஒரு பக்கம் படிக்கக்கூட இன்றுவரை நேரம் கிடைக்கவில்லை.